ஆச்சி கேட்ட அலை

ஆர்மோனியம் பழுதுபார்க்கிறவனிடம் அக்கார்டியன் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. போன சித்திரையில் பினாங்கு ஆச்சி வந்தபோதும் சொல்லவில்லை.

பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டு வரும்வரை பெட்டியை வெயிலில் காருக்குள் விட்டிருக்கிறார். ஒலி எழுப்புகிற உலோக நாக்குதான் ரீடு. ஆர்மோனியத்தில் அதைத் திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள்; அக்கார்டியனில் மெழுகு வைத்து ஒட்டியிருப்பார்கள். மெழுகு உருகி, பாதி ரீடு உள்ளே உதிர்ந்து கிடந்தது. மிச்சத்தில் துரு.

"வர்ற வெள்ளிக்கெழம எங்க வீட்டுச் செட்டியாருக்கு அறுபதாம் கல்யாணம்ணே. பினாங்குல பொண்ணு பாக்க வந்தப்ப வாசிச்ச பாட்ட வாசிக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். முடிச்சுத் தந்துருவீகளா?"

"தந்துருவோம் ஆச்சி" என்றேன். என் வாய் எப்போதும் முந்திக்கொள்ளும்.

துருவைச் சுரண்டி, தேன்மெழுகு காய்ச்சி ஒட்டினேன். ட்யூனிங் என் மச்சினன் செல்வத்தின் வேலை. இந்தப் பெட்டியில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு சேர்ந்து பேசும். அதில் ஒன்றின் சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது. பழசாகிக் கெட்டுவிட்டது என்று எண்ணி, செல்போன் ட்யூனரை வைத்து எல்லா ஜோடியையும் ஒரே சுருதியாக்கிவிட்டான். ஆர்மோனியத்துக்கு அப்படித்தான் செய்வோம்.

புதன்கிழமை ஆச்சி வாசித்துப் பார்த்தார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"என்னண்ணே, மொட்டையா இருக்கு? அலை எங்க போச்சு?"

"இப்பத்தான் சுத்தமாப் பேசுது ஆச்சி" என்றான் செல்வம்.

"சுத்தமாப் பேசுனா அது வேற யாரு பெட்டியோ. எம் பெட்டி நடுங்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஏற்றம் கோளாறில்லை. இரண்டு ரீடும் துளி விலகிப் பேசினால்தான் அந்த அலை வரும் என்று, செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்தது. எவ்வளவு வைத்தார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அடியில் சுரண்டி இறக்கிய ரீடை இனி நுனியில் சுரண்டித்தான் ஏற்ற வேண்டும். சுரண்டிய எஃகு திரும்ப ஒட்டாது. கை கொஞ்சம் அழுந்தினால் ரீடே போய்விடும்.

"இங்குட்டு வந்து உக்காருங்க ஆச்சி. எங்க நிப்பாட்டணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

புதனும் வியாழனும் கடையிலேயே இருந்தார். நான் அரத்தால் லேசாக ஓர் இழுப்பு இழுப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னும்... இன்னுங் கொஞ்சம்... போதும்ணே, போதும்!" சுருதி தப்பு என்று ட்யூனரில் சிவப்பு விளக்கு எரிந்தது. செல்வம் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நானும் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாலையும் கழுத்துமாகச் செட்டியார் உறவுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆச்சி வாசிக்கத் தொடங்கியதும் பேச்சை நிறுத்தினார். பெட்டி அழகாக நடுங்கியது. எனக்கு அப்படியொரு நிம்மதி. பாட்டின் நடுவே ஒரு சுரம் பிசகியது. ரீடுதான் போய்விட்டதென்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

செட்டியார் வாய்விட்டுச் சிரித்தார். "அதே எடத்துல தப்பு விடுறா பாருங்க! பினாங்குலயும் இதே எடந்தான்!" கண் கலங்கியிருந்தது அவருக்கு.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, அரத்தைத் தொடுமுன் பெட்டிக்காரரிடம் கேளுங்கள். எந்தக் கோளாறை விட்டுவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.