மூட வந்த குழி

கைவிட்ட மணற்குழிகளை மூடுகிற வேலைக்கு வந்தால் முதலில் தெரியவருவது, எந்தக் குழியையும் எவரும் வெட்டவில்லை என்பதுதான். ஊருக்கு நல்லது செய்யப்போய் அலைந்து களைத்தவர்களே, உங்களுக்கு இது புதிதாக இராது.

இல்லாத குழி

நூலக வேலையிலிருந்து இளைப்பாறியபின் நான் சேர்ந்த குழுவுக்கு, செங்கலடிக்கு மேற்கே ஆற்றங்கரையில் ஒரு குழி வாய்த்தது. ஆற்றுக்கும் குழிக்கும் நடுவே ஒரு வண்டி அகலத்துக்குத்தான் கரை. குழிக்கு மறுபக்கம் ஏறாவூர் ஹனீபாவின் வயல். அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். மாரியில் கரை உடைந்தால் ஆறு குழிக்குள் இறங்கி, வயலை அரித்து, அந்த மண்ணையெல்லாம் வாவியில் கொண்டுபோய்க் கொட்டிவிடும்.

அனுமதி கேட்டு மூன்று அரசாங்கக் கந்தோர்களின் படி ஏறினேன். மூன்றாவதில் கோப்பைப் புரட்டியவர் சொன்னார்: "இந்த இடத்தில குழியே இல்லயே மிஸ். இல்லாத குழிய மூட நாங்க எப்பிடிக் கடிதம் தாறது?"

நிரப்ப வந்த மண்

ஒருவழியாகக் கடிதம் கிடைத்தது. டிரக்டர்காரர் யோகன் மண் கொண்டுவரப் பொறுப்பெடுத்தார். குழி நாளுக்கு நாள் மேடாகியது. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் மண் வெள்ளையாக, ஈரமாக இருந்தது மனதை அரித்தது. கரையோரமாக மேலே நடந்தேன். நாணலுக்குப் பின்னால் புத்தம்புதிய குழி. ஊறிய தண்ணீரில் வானம் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மண்வெட்டியோடு யோகன்.

"என்ன மகனே இது?" என்றேன்.

"குழிய மூட மண் வேணும் எண்டீங்க. மண் ஆத்திலதானே மிஸ் கிடக்கு?"

வெடிப்பு

அள்ளியதை அள்ளிய இடத்திலேயே கொட்டச் செய்து, குளம் தூர்வாரி எடுத்த மண்ணுக்கு மாறுவதற்குள் ஐப்பசி பாதி போய்விட்டது. நாவற்குடா வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேற்கே வானம் கறுத்தால் குழியைப் பார்க்கப் பஸ் ஏறிவிடுவேன்.

ஒரு பெருமழையில் கரை வெடித்தது. ஹனீபாவும் யோகனும் உரப்பைகளில் மண் நிரப்பி வெடிப்பில் அடுக்கினார்கள். நான் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கரையின் விளிம்பை நக்கிப் பார்த்துவிட்டு, மெல்ல இறங்கியது.

ஹனீபா முகத்துச் சேற்றை வழித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷ வேளாண்மை தப்பிச்சி மிஸ். அல்லாஹ்ட கிருபையால அடுத்த மாரிக்கும் நீங்க உசிரோட இரிக்கணும்."

நல்ல பாதை

வெயில் திரும்பியதும் குழியை முழுவதும் மூடி, மேலே மருதங்கன்றுகள் நட்டோம். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால், கன்றுகளின் மேல் சக்கரத் தடம். தடம் இறங்கிய இடத்தில் கரை சரிந்திருந்தது. முன்பின் அறியாத ஒருவர் டிரக்டரில் மணல் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தி, இறங்கி, கும்பிட்டார்.

"முந்தி இந்தக் குழியச் சுத்தி வாறதுக்குள்ள சீவன் போயிரும். இப்ப நேரே ஆத்துக்குள்ள இறங்கலாம். பெரிய புண்ணியம் மிஸ்!"

குழி மூடச் சேர்ந்த நான் பதவியுயர்வு பெற்று, இப்போது மூடிய குழிக்குக் காவலாக ஹனீபாவின் வரம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.