பொட்டு வைத்த ஐசி

டுரியான் துங்கால் பக்கமிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்ற கையோடு நாங்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் அப்போதுதான் பாலுக்கு மரம் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டுக்காரர் இறந்து சில வருஷமாகியிருந்தது. மகன், மருமகளோடு தஞ்சோங் கிளிங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு மலிவு விலை வீடு உண்டு என்றார்கள். ஆனால் என் ஐசியில், அந்த அடையாள அட்டையில், இருந்தது இல்லாமல் போன தோட்டத்தின் விலாசம். அதை மாற்றினால்தான் வீட்டை என் பெயரில் எழுதுவார்களாம். பிள்ளைகள் பெயரிலும் எழுதிக்கொள்ளலாம்.

"எம் பேருல எழுதிட்டா முடிஞ்சுச்சுலா. இந்த வயசுல எதுக்கும்மா ஆபிஸ் ஆபிசா அலையிறீங்க?" என்றான் மகன்.

நல்ல பிள்ளைதான். ஆனால் இருட்டோடு எழுந்து, அட்டைக்கடியும் கொசுக்கடியும் பட்டு மரம் வெட்டியவள் நான். கடைசிக் காலத்தில் மகன் வீட்டில் ஒண்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அவன் என் வீட்டில் இருக்கட்டும்.

பதிவு அலுவலகத்தில் ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஐசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் ஐசியைப் பார்த்தாள்.

"மக்சிக், இது உங்கள் தங்கையா?" என்று மலாயில் அத்தை முறை வைத்துக் கேட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஐசிப் படத்தில் நெற்றி நிறையப் பொட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி, காதில் தோடு. எதிரே நின்றவளுக்கோ எல்லாம் மொட்டை. கட்டைவிரலை மையில் அழுத்திப் பார்த்தார்கள். கத்தி பிடித்துத் தேய்ந்த விரல், வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. தோட்டத்துத் துரையிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னாள். தோட்டமே இல்லை, துரைக்கு நான் எங்கே போவேன் என்றேன். உதட்டைப் பிதுக்கினாள்.

பஸ்சில் வரும்போது ஐசியில் இருந்த அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் கருமாதியன்று ஆளாளுக்கு வந்து என் பொட்டை அழித்தார்களே, நாளைக்கு ஆபிசில் யாரென்று கேட்டால் இவள் என்ன செய்வாள் என்று ஒருவராவது யோசித்தார்களா?

மறுவாரம் டப்பாவிலிருந்து மூக்குத்திகளை எடுத்தேன். துவாரம் பாதி தூர்ந்திருந்தது. எண்ணெய் தடவிக் குத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஒரு சொட்டு ரத்தமும் வந்தது. தோட்டைப் போட்டேன். பெரியதாகப் பொட்டு வைத்தேன். வாசலைத் தாண்டும்போது கிளேபாங்கிலிருந்து நாத்தனார் வந்து நிற்கிறாள்.

"அண்ணி! என்னா கோலம் இது? ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு வந்து ஐசி மாத்திக் குடுக்குமா?" என்று கேட்டுவிட்டு நடந்தேன்.

பதிவு அலுவலகத்தில் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "ஓ, மக்சிக்தான்!" புது ஐசிக்கும் பொட்டோடுதான் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். கழுவிய முகத்தில் மறுபடியும் பொட்டு வைத்துக்கொண்டேன்.

வீடு என் பெயரில் வந்தது. பால் காய்ச்சும் நாளில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. நாத்தனார் என் காதருகே வந்தாள்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மருமவ காய்ச்சட்டும். நல்ல காரியம் பாருங்க."

"எம் பேருல உள்ள வூட்ல நான் எங்கடி தள்ளி நிக்கிறது?"

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். மருமகள் தீப்பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நானே அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது.

முதல் தம்ளரை நாத்தனாரிடம் நீட்டினேன். கட்டிய கையை அவிழ்க்காமல் தம்ளரைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள். சீனி பத்தவில்லை என்றாள்.