எட்டும் எத்தும்

எங்கள் சார்ஜ் ஹேண்டின் வலது கட்டைவிரல் மேலே போனால் ஒரு டன் இரும்பு மேலே போகும். விரலை மடக்கினால் நிற்கும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல் இறங்கும். பாரம் தூக்கும் நேரத்தில் அவர் வாயே திறக்கமாட்டார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் சுத்தியல் சத்தத்தில் கலந்து ஐந்தாவது பாஷை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். "வாய் சொல்றது காதுக்குக் காது மாறும்பா. விரலு மாறாது" என்பார். நானோ தூங்கும்போது மட்டும் வாயை மூடுகிறவன். அதுவும் சந்தேகம்தான் என்பாள் என் மனைவி.

சார்ஜ் ஹேண்ட் என்றதும் அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் காக்கிதான், எண்ணெய்க் கறைதான், சங்கத்தின் உறுப்பினர் சீட்டுதான். கூடுதலாக எங்கள் பத்துப் பேர் வேலைக்கும் அவர் பொறுப்பு. மேலே இருந்தவர்கள் அவரைத் தங்கள் கண் என்று எண்ணினார்கள். சங்கம் அவரைத் தன் கை என்று எண்ணியது. சங்கத்தில் எந்தத் தாளிலும் எழுதாத ஒரு சட்டம் இருந்தது: ஒரு தொழிலாளி பேரை இன்னொரு தொழிலாளி எழுதிக் கொடுக்கக் கூடாது. சார்ஜ் ஹேண்டுக்கும் அது உண்டு.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், கப்பலில் வந்த புது லேத் மெஷின் ஒன்று மரச்சட்டத்தோடு எங்கள் ஷாப்பில் வந்து உட்கார்ந்தது. சட்டத்தோடு அதைப் பிடித்திருந்தவை பத்து போல்ட்டுகள். அவற்றைக் கழற்றி, மெஷினைச் சங்கிலியில் தூக்கி, மேடையில் வைக்க வேண்டும். கயிற்றை இழுத்தால் மோட்டார் ஓடிச் சங்கிலி மேலேறும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் ஒரு கன்னடக்காரர். நாங்கள் சங்கிலிக்காரர் என்போம். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். தங்கமான மனிதர்.

சங்கிலியை மாட்டிவிட்டு சார்ஜ் ஹேண்ட் என்னிடம் வந்தார். "நான் ஆபீசுக்குப் போயிட்டு வந்துடறேன். வர்ற வரைக்கும் நட்டைத் தொடாதே." ஆபீசுக்கு அவர் போனது என் வேலையாக. மனைவிக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. என் லீவு மனு இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. மூன்றாம் முறை அவரே சண்டை போடப் போனார்.

எனக்கோ மழைக்கு முன்னால் அடுகோடியில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் வருவதற்குள் போல்ட்டுகளைக் கழற்றி வைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு ஸ்பானரை எடுத்தேன். டீ குடித்துவிட்டு அப்போதுதான் வந்த சங்கிலிக்காரர், வேலை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து மெஷினுக்கு அந்தப் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தார். என் முகம் அவருக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். நானோ குனிந்தபடி ராகம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். "ஆறு... ஏழு..." அடுத்ததைச் சொன்ன நேரம் பார்த்துப் பக்கத்துச் சுத்தியல் ஒரு மூச்சு ஓய்ந்தது.

"எட்டு!"

கன்னடத்தில் எட்டுக்கு எண்டு. எத்து என்றால் தூக்கு. அவர் காதில் விழுந்தது தூக்கு. தூக்கினார். இரண்டு போல்ட்டுகள் இன்னும் பிடித்திருந்தன. சட்டம் ஒரு பக்கமாக எழும்பி, படபடவென்று பிளந்து, கப்பலில் அத்தனை தூரம் பத்திரமாக வந்த மெஷின் என் கண்ணெதிரே சரிந்து தரையில் மோதி வாயைப் பிளந்தது. நான் தாவிய தாவலில் எண்ணெய்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

"நீனே எத்து அந்தே அல்வப்பா!" என்று சங்கிலிக்காரர் அலறினார். நீதானே தூக்கு என்றாய் என்கிறார். எனக்குத் தெரிந்த தூக்கு அப்போது கழுத்தில் மாட்டுவது ஒன்றுதான்.

சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் யார் தப்பு என்று எழுத்தில் வர வேண்டும் என்றார் மானேஜர். சங்கு, சங்கிலி, சங்கம் மூன்றுக்கும் நடுவில் என் தலை. பழனிக்கு மொட்டை, மாதாவுக்கு மெழுகுவர்த்தி, தர்காவுக்குச் சர்க்கரை என்று வேண்டிக்கொண்டேன். மூவரும் சேர்ந்து விசாரித்தால் என்ன ஆகும் என்று அப்புறம்தான் பயம் வந்தது. வேலை போனால் வீட்டில் வளையல் போடக் கை நீட்டுகிறவளிடம் என்ன சொல்வேன்?

சார்ஜ் ஹேண்ட் திரும்பி வந்தார். கையில் என் லீவு மனு, கையெழுத்தோடு. மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடி கிடி பட்டுதா?" என்றார். மனுவை என் எண்ணெய்ச் சட்டைப் பையில் செருகிவிட்டு எழுத உட்கார்ந்தார். எட்டு என்று எண்ணியது எத்து என்று கேட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவ்வளவுதான் எழுதினார், பேர் ஒன்றும் இல்லை.

மானேஜர் வடக்கத்திக்காரர், இரண்டு பாஷையும் தெரியாது. ஆனால் என்னைத் தெரியும். அதற்கு முந்தின மாதம் அவர் குரலில் நான் பேசிக் காட்டியதைக் கதவோரம் நின்று கேட்டவர். இது என் புது ஜோக் என்று முடிவு கட்டினார். வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை கையில் இருந்தது, அதையும் என் மூஞ்சி கெடுத்துவிட்டது.

"பரீட்சை பண்ணிப் பாருங்க சார்" என்றார் சார்ஜ் ஹேண்ட். விஷயம் தெரியாத ஒரு கன்னடக்காரரைப் பெயின்ட் ஷாப்பிலிருந்து கூட்டிவந்து, முதுகைக் காட்டி நிற்க வைத்து, கயிறு ஒன்றைக் கொடுத்து, தூக்கச் சொன்னால் இழு என்றார்கள். சுத்தியல்கள் அடித்தன. நான் எண்ணினேன். பயத்தில் ஏழுக்கு அப்புறம் ஒன்பது வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "டேய், உயிரு போற நேரத்துல கூடவாடா?" என்று எவனோ கேட்டான். மறுபடி எண்ணினேன். எட்டுக்கு அந்த மனிதர் கயிற்றை இழுத்த இழுப்பில் மானேஜர் ஒரு அடி பின்னால் போனார்.

நம்பிவிட்டார். நம்பியவர் சார்ஜ் ஹேண்ட் பக்கம் திரும்பி இன்னொன்று கேட்டார்: நீ வரும்வரை தொடக் கூடாது என்று இவர்களிடம் சொன்னாயா?

சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தை என் பேரை எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லல சார்" என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். காலையிலிருந்து ஓயாத வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது.

மறுநாளே அவருடைய சார்ஜைப் பிடுங்கி, பழையபடி வைஸில் இரும்பைக் கவ்வ வைத்து அரத்தால் ராவ நிறுத்தினார்கள். விரல் சைகை பார்க்காமல் இழுத்ததற்குச் சங்கிலிக்காரருக்கு ஒரு மெமோ. சார்ஜ் ஹேண்ட் மட்டும் போகும்முன் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கறை தனக்கு வந்திருக்காது என்று சங்கிலிக்காரர் அவரோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே கேண்டீன், ஒரே டீ, பேச்சு மட்டும் இல்லை. வருஷங்கள் போயின. நான் லீவு எடுத்து வளைகாப்பு முடித்தேன். அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது ஸ்கூல் போகிறாள்.

போன மாதம் அந்தப் பழைய சார்ஜ் ஹேண்ட் ரிட்டையர் ஆனார். கேண்டீனில் மாலை, போண்டா, டீ. இப்போது சார்ஜ் ஹேண்ட் யார் என்று கேட்காதீர்கள். இந்தக் கம்பெனிக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை, நான்தான். அந்த முறையில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழுந்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்று விட்டால் இனி இல்லை என்று சொல்லிவிட்டேன்:

"அன்னிக்கு மெஷின் உடைஞ்சுதே, நட்டைத் தொடாதேன்னு அண்ணா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. நான்தான் தொட்டேன். சொல்லலன்னு அவரு பொய் சொன்னாரு. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

கேண்டீனே அதிர்ந்தது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். "இன்னொரு தடவை சொல்லுப்பா" என்று ஒருவன் கத்தினான்.

கடைசி வரிசையில் சங்கிலிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் பக்கம் பார்க்காமல் நேராக நடந்து வந்து, மாலையோடு உட்கார்ந்திருந்தவர் முன்னால் நின்றார்.

"ஹௌதா?" என்றார். அப்படியா என்கிறார்.

மாலை போட்டிருந்தவர் போண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தபடியே நின்றேன். என் முகத்துக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.