சிவலட்சுமியின் கணையம்

எங்கள் ஊர் அக்கராயனில் சிவலட்சுமியின் பெயரைக் கேட்டாலே கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார்கள். எங்கள் மாதர் சங்கத்தின் தலைவி அவர், நான் செயலாளர். பற்றைக்குள் ஒளித்து வைத்த கசிப்புப் பானைகளை உலக்கையால் உடைத்த கை அது. எட்டு வருடமாக அவருக்கு லூபஸ் என்ற வருத்தம், விரல் மூட்டெல்லாம் வீங்கும். வீங்கிய விரல்களோடுதான் உடைத்தார்.

போன மாசியில் மேல்வயிற்றில் பிடித்த நோ முதுகுவரை போனது. எங்களுக்கு எந்த வயிற்று நோவும் 'காஸ்ட்ரிக்'தானே! மூன்று நாள் அதற்கான குளிசையைப் போட்டுக்கொண்டு கிடந்தார். நாலாம் நாள் சத்தியெடுப்பது நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கணையம் வீங்கியிருந்தது.

எங்கள் ஊரில் அதுவரை கணையம் வீங்கிச் செத்த இரண்டு பேரும் மொடாக் குடிகாரர். பிறகென்ன, தலைவி ஒளித்துக் குடித்திருக்கிறா என்று கதை பரவியது. அவர் குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தது; தோட்டத்துச் சனம் குடிக்கும்தானே என்றும் சில நாக்குகள் நீண்டன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊருக்குள் மதுக்கடை வேண்டாம் என்று மனுவில் கையெழுத்து வாங்கும் கூட்டம் அந்த மாதக் கடைசியில். அவர் பெயர் கெட்டால் மனுவும் போய்விடும். கடைக்குக் காணி கொடுக்க இருந்த கனகலிங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

"குடிச்சு வருத்தம் தேடின ஆளின்ர மனுவில ஆர் கையெழுத்து வைக்கிறது? முதல்ல அவா தலைவர் பதவியை விடட்டும்" என்றார், சபை நடுவில்.

சிவலட்சுமி ஆஸ்பத்திரியால் வந்து இரண்டு நாள்தான். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, கிளினிக் கொப்பியை மேசையில் அடித்தார்.

"வடிவாப் பாருங்கோ. டொக்டரும் முதல்ல குடிப்பியளோ எண்டுதான் கேட்டவர். குடியும் இல்லை, பித்தக்கல்லும் இல்லை, லூபஸ்தான் கணையத்தையும் பிடிச்சிருக்கு எண்டு பிறகு அவரே எழுதியிருக்கிறார். உடம்பைக் காக்கிற சக்தியே உடம்பை அடிக்கிற வருத்தம் இது. காக்க வந்ததே அடிச்சா எப்பிடியிருக்கும் எண்டு யுத்தம் பாத்த எங்கட சனத்துக்கு நான் விளங்கப்படுத்த வேணுமே?"

கொப்பியைக் கனகலிங்கத்தின் பக்கம் தள்ளிவிட்டுத் தொடர்ந்தார்.

"பதவியை விடமாட்டன். குடியாமலே இந்த நோவைப் பட்டனான். அதைக் காசு குடுத்து வாங்கிப் படுறதுக்கு ஊருக்குள்ள ஒரு கடை வேணுமோ?"

பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரை நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. கனகலிங்கத்தின் மனைவி சிவனேஸ்வரி எழும்பி வந்தார். புருசன் "இரும், இரும்" என்று கூப்பிட்டதைக் காதில் வாங்காமல், என் கையில் இருந்த பேனையை வாங்கி முதல் கையெழுத்தை வைத்தார்.