சங்கு ஊதும் வரை

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் ஒரு பெரிய பூங்காவில் நடந்தது இது. அந்தப் பூங்காவின் பின்பகுதியில் பல நாட்டுத் தோட்டங்களை அடுத்தடுத்து அமைத்திருக்கிறார்கள். மூங்கிலும் குளமும் மரப்பாலமுமாக ஜப்பான். கள்ளிச் செடிகளும் செம்மண் மேடுகளுமாக மெக்சிகோ. ஆளுயரத்துக்குச் சீராக வெட்டிவிட்ட புதர்ச் சுவர்களோடு இத்தாலி. வளைந்து வளைந்து போகும் நடைபாதைகள். ஒரு தோட்டத்தில் நிற்பவருக்கு அடுத்த தோட்டத்தில் நடப்பது தெரியாது. ஞாயிறு என்பதால் நல்ல கூட்டம்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து, அண்ணன் லிங்கராஜபுரத்திலும் தங்கை சந்தாபுராவிலும் நான் வேறொரு மூலையிலுமாகப் பிரிந்துவிட்டோம். கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு ஏதாவது ஒரு பூங்காவில் கூடிப் புதையல் வேட்டை ஆடுவது எங்கள் வழக்கம். புதையல் என்பது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கல்கலாவும் அச்சு முறுக்கும் இருக்கும்.

எங்கள் ஆட்டத்தில் டப்பாவைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. ஆட்டம் முடியும்வரை எதிரணியிடம் சிக்காமல் அதை வைத்திருக்க வேண்டும். முடிந்ததற்கு அடையாளம் சங்கு. தங்கவயலில் ஷிப்டு மாறும்போது சுரங்கத்தில் ஒலிக்குமே, அதே போல அண்ணன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து ஊதுவார். பூங்காவின் மறுகோடிக்குக் கேட்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு அண்ணன் ஒரு தந்திரம் செய்தார். தங்கையின் மகள் டப்பாவோடு எங்கோ ஒளிந்திருந்தாள். அண்ணன் என் தங்கையையே அழுவதுபோல நடிக்கவைத்து, பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று குழந்தை பதறி ஓடிவந்தது. டப்பா பறிபோனது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் அழுத அழுகை வீட்டுக்குப் போகும்வரை ஓயவில்லை.

அதனால் இந்த முறை ஆட்டம் தொடங்கும் முன்பே புது விதி போடச் சொன்னாள். சங்கு ஊதும் வரை யார் கூப்பிட்டாலும் வரவேண்டியதில்லை.

"அம்மா கூப்ட்டா?" என்று அவளே கேட்டாள்.

"அம்மா கூப்ட்டாலும்தான்" என்றார் அவள் அப்பா.

அவளுக்கு வயது ஏழு. தலையைப் பெரிதாக ஆட்டிக்கொண்டாள்.

ஒரு சிக்கல் இருந்தது. டிசம்பர் முழுக்க வீடு வீடாகப் போய் கேரல் பாடியதில் அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது. சங்குக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் விசில் கொண்டுவந்திருந்தார். ஆனால் புல்லில் கால் வைப்பவர்களை விரட்ட காவலாளிகள் ஓயாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். எது எங்கள் விசில் என்று தெரியாமல் குழந்தை இரண்டு முறை ஓடிவந்து நின்றாள். "விசிலை விட்டுடு. சங்குதான்" என்று அண்ணன் கிசுகிசுத்தார். அதற்குள் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்வாராம்.

தங்கையின் கணவரும் மகளும் ஓர் அணி, நானும் அண்ணனும் எதிரணி. தங்கை சாப்பாட்டுப் பாத்திரங்களோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மெக்சிகோவில் கள்ளிகளுக்கிடையே துப்புத் தேடிக்கொண்டிருந்தபோது தங்கையின் கணவர் தனியாக வந்தார். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது.

"பாப்பா இந்தப் பக்கம் வந்தாளாக்கா?"

ஆபீஸிலிருந்து ஃபோன் வந்திருக்கிறது. பேசிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். முன்னால் ஓடியிருப்பாள் என்று நினைத்து இத்தாலி முழுக்கச் சுற்றிப் பார்த்திருக்கிறார். "இங்கதான்க்கா நின்னுட்டிருந்தா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாதிச் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

ஆளுக்கொரு தோட்டமாகப் போனோம். முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டோம். பிறகு சத்தமாக. தங்கைக்குச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தோம்; எங்கள் குரல் கேட்டு அவளே வந்துவிட்டாள். நடந்ததைக் கேட்டதும் கணவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அந்த ஃபோனைக் கொண்டுபோய்க் குளத்துல போடுங்க." சொல்லி முடித்ததும் அவள் கண் ஜப்பானியத் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. எங்கள் நான்கு பேருக்கும் அந்தக் குளம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குளத்தின் தண்ணீர் பச்சையாக இருந்தது, அடி தெரியவில்லை. அண்ணன் கரையில் காலடித் தடம் தேடினார். காவலாளியிடம் சொன்னோம். அவர் வாசலுக்குத் தகவல் சொல்ல, ஒலிபெருக்கியில் கன்னடத்தில் அறிவிப்பு வந்தது: மஞ்சள் கவுன், வெள்ளை ஷூ, ஏழு வயதுப் பெண் குழந்தை. தங்கை மகள் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே மரப்பாலத்தின் மேல் அங்குமிங்கும் நடந்தாள். அறிமுகமில்லாதவர்களெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு பூங்கா முழுவதும் எங்கள் வீட்டுக் குழந்தையின் பெயரைச் சொல்லி அழைக்கிறது, பதில் இல்லை.

அப்போது தோட்டக்காரர் ஒருவர், தண்ணீரில் விழுந்த சருகுகளை அள்ளும் நீண்ட மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு குளத்தை நோக்கி வந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கரையில் இறங்கினார். தங்கை அந்தக் கழியைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தேம்பிக்கொண்டே பெயரைச் சொல்வதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. முந்தைய வருடம் நடித்தபோதும் இப்படித்தான் அழுதாள். இதே போல, இதே பெயரைச் சொல்லி.

அண்ணனிடம் ஓடினேன். "அவளுக்குக் கேக்குதுண்ணா. கேட்டுட்டேதான் இருக்கா. சங்கு ஊது."

அண்ணன் கைகளைக் குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சைக்கிள் டயரிலிருந்து காற்று போவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. இன்னொரு முறை முயன்றார். இருமல் வந்தது. என்னைப் பார்த்துக் கையால் சைகை செய்தார்: நீ.

நான் பொது இடத்தில் குரல் உயர்த்திப் பேசாதவள். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. ஷிப்டு நேரத்தில் ஊதினால் அது வெறும் சங்கு. வேறு நேரத்தில் ஊதினால் சுரங்கத்துக்குள் விபத்து. சிறுவயதில் ஒரு மத்தியானம் அப்படி ஊதியபோது, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் ஓடினாள். அன்று அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஒலியை நான் ஒருநாளும் ஊதிப் பார்த்ததில்லை.

கழி தண்ணீருக்குள் இறங்கியது. நான் கைகளைக் குவித்துக்கொண்டு ஊதினேன். முதலில் குரல் உடைந்தது. இரண்டாவது முறை வந்தது: தாழ்வாகத் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சியில் நின்று, இறங்கியது. கூட்டம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. ஒரு பெண் தன் பிள்ளையை அருகே இழுத்துக்கொண்டாள். பாதையோர பெஞ்சில் இருந்த ஒரு முதியவர் மட்டும் சட்டென்று எழுந்து, ஊன்றுகோலை பெஞ்சிலேயே விட்டுவிட்டு, எங்களை நோக்கித் தடுமாறி வந்தார்.

மூன்றாவது முறை ஊத மூச்சு இழுத்தபோது, மூங்கில் புதருக்குப் பின்னால் அடுக்கியிருந்த பாறைகளின் இடுக்கிலிருந்து மஞ்சள் கவுன் வெளியே வந்தது. முட்டியெல்லாம் மண். மார்போடு அணைத்திருந்த டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"நாங்கதான் ஜெயிச்சோம் பெரியம்மா."

தங்கை பாலத்திலிருந்து இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். குழந்தைக்கு மூச்சு முட்டியது. அம்மாவின் தோளுக்கு மேல் என்னைப் பார்த்து, பாராட்டும் குரலில் சொன்னாள்: "இந்த வாட்டி அம்மா சூப்பரா அழுதாங்க. மைக்லகூட சொல்லவெச்சீங்க. நான் வரவே இல்ல பாத்தீங்களா?"

தோட்டக்காரர் கழியை வெளியே எடுத்து, அதில் சிக்கியிருந்த தாமரைக் கொடியை உதறிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த முதியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றுமில்லை, குழந்தை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். தலையாட்டினார். "எந்த லைன்மா நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பக்கத்து லைன்தானாம் அவர். ஊன்றுகோலை எடுத்துவந்து கொடுத்தேன்; வாங்கிக்கொண்டு மெல்ல பெஞ்சுக்குத் திரும்பினார்.

இந்த ஆண்டும் ஆட்டம் உண்டு. விதியை மட்டும் மாற்றியிருக்கிறோம்: அம்மா கூப்பிட்டால் உடனே வந்துவிட வேண்டும், அம்மா பொய்யாகக் கூப்பிடக் கூடாது. இரண்டாவது பாதியைச் சேர்க்கச் சொன்னது குழந்தைதான். இப்போதெல்லாம் தங்கை வீட்டுக்குப் போயிருக்கும்போது அவள் சமையலறையிலிருந்து மகளைக் கூப்பிட்டால், "வரேம்மா" என்ற பதில் காதில் விழும்வரை நான் பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.