கழற்றச் சொன்ன பிரேக் கேபிள்

ஸ்கூட்டர் என் மனைவிக்காக வாங்கியது. இலுப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் அவள் ஆசிரியையாக இருந்த பள்ளி. நாற்பது வயதுக்கு மேல்தான் வண்டி ஓட்டப் பழகினாள். பதறினால் இடது கை பிரேக்கை மட்டுமே பிடிப்பாள்; வலது கையில் ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. இந்த வண்டியில் இடது பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். ஷோரூமில் அதைச் சொன்னதும், "அப்ப எனக்குன்னே செஞ்ச வண்டிங்க" என்று சிரித்தாள். ஒருமுறை கண்மாய்க்கரை வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தபோது, வண்டி ஆடாமல் அசையாமல் நின்றதாக வந்து சொன்னாள்.

எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்கு அதை எடுத்துப்போவேன். கடைசி அரை கிலோமீட்டர் சரளைப் பாதை. அந்த இறக்கத்தில் பின்பிரேக்கை மட்டும் லேசாகத் தொட்டு இறங்கியே பழகியவன் நான். இதில் அது நடக்காது. ஒருநாள் இடது பிரேக்கைப் பிடித்ததும் முன்சக்கரம் சரளையில் வழுக்கி, முழங்கை சிராய்க்க விழுந்தேன். எழுந்த கோபத்தோடு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் தயங்கினார்.

"சேஃப்டிக்குத்தாண்ணே இப்புடி வச்சிருக்காங்க. முன்னாடி போற கேபிளைக் கழட்டிட்டா, இடது பிரேக்கு பின்னாடி மட்டுந்தான் பிடிக்கும். டீச்சரும் ஓட்டுவாங்கல்ல?"

"அதை நான் சொல்லிக்கிறேன். நீங்க கழட்டுங்க."

சொல்லவில்லை. மறைக்க நினைக்கவும் இல்லை. அன்று வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். மறுநாள் மறந்துபோனேன்.

அதற்கடுத்த நாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் அவளுக்கு முன்னால் போன லோடு ஆட்டோ சட்டென்று நின்றது. இவள் இடது பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பின்சக்கரம் மட்டும் இறுகி, வண்டி இழுத்துக்கொண்டே போய் மோதியது. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பிரேக்கு பிடிச்சேன், நிக்கல. நாந்தான் பதறிட்டேன் போல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. கேபிளைக் கழற்றியதைச் சொல்லிவிட்டேன்.

கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெதுவாப் போயிருப்பேன்லங்க" என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முழங்கால் முழுதாக மடங்கவில்லை. வகுப்பில் நெடுநேரம் நிற்க முடியாமல், ஓய்வுக்கு ஆறு வருஷம் இருக்கும்போதே வேலையை விட்டாள். கேபிளை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தேன். "வித்துருங்க" என்று மட்டும் சொன்னாள். விற்றேன்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து மகள் வீடியோவில் பேசினாள்.

"அன்னைக்கு என்னதாம்மா ஆச்சு? அப்பாகிட்டக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு."

"ஆட்டோக்காரரு திடீர்னு நிப்பாட்டிட்டாரும்மா. வேற ஒண்ணுமில்ல."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வைத்தவள் என்னைப் பார்க்காமலே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.