கடலில் சேமித்த பதினொரு புள்ளிகள்

குளச்சலில் மீன்பிடி வள்ளங்களின் ஜிபிஎஸ் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலை, பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண் கைக்கு அடக்கமான கருவி ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். கூடவே அவளுடைய கொழுந்தன். அவள் கணவன் தூண்டில் போடத் தனியாகப் போனவன், திரும்பவில்லை. ஐந்தாம் நாள் வள்ளம் மட்டும் கிடைத்தது. கருவி வள்ளத்தின் பெட்டிக்குள் இருந்ததாம்.

“அண்ணன் போட்டு வச்ச பாரெல்லாம் இதுலதான் கெடக்கு. எடுத்துத் தருவியளா?” என்றான் கொழுந்தன்.

பார் என்பது கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டு. அதன் இடத்தை அவரவர் ரகசியமாக வைத்திருப்பார்கள்.

உள்ளே உப்பு பூத்திருந்தது. இரண்டு நாள் சுத்தம் செய்து உலர்த்தினேன். திரை உயிர்பெறவில்லை. ஆனால் கணினியோடு இணைத்ததும் நினைவகம் திறந்தது. ஒவ்வொரு வரியிலும் புள்ளியின் பெயர், இடத்தின் எண்கள், தேதி, நேரம். பழைய புள்ளிகளுக்கெல்லாம் அவனே பெயர் வைத்திருந்தான். கடைசிப் பதினொன்றுக்குப் பெயர் இல்லை. சேமிக்கும் பொத்தானை மட்டும் அழுத்தினால் கருவி தானாகப் போட்டுக்கொள்ளும் வரிசை எண்கள்தான் இருந்தன.

அந்தப் பதினொன்றையும் வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தேன். முதல் புள்ளி, அவன் கடலுக்குப் போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரை. மற்றவை எல்லாம் ஒரே போக்கில் தெற்கே, நீரோட்டத்தின் வேகத்தில். எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்த பக்கம் ஒழுகிப் போயிருக்கிறான். போகப் போகத் தான் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசிப் புள்ளி வியாழன் மதியம் இரண்டு மணி. புதனும் வியாழனும் ஊர் வள்ளங்கள் மேற்கே, அவன் வழக்கமாகப் போகும் பாரைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தன.

பார்களை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் அவள் தனியாக வந்தாள்.

“ஒண்ணும் மறைக்காதிய அண்ணே. எப்ப வரைக்கும் இருந்தாரு?”

சொன்னேன். அவள் கடை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“செவ்வாக்கிழமையே முடிஞ்சிருக்கும்னு எல்லாரும் சொன்னாவ. வியாழக்கிழமை மத்தியானம், துக்கம் கேக்க வந்தவியளுக்குச் சாயா போட்டுட்டு இருந்தேன்.” பிறகு கேட்டாள்: “அந்த ரெண்டு மணிக்குப் பொறவு?”

“தெரியாதும்மா. பேட்டரி தீந்திருக்கலாம்.”

“அப்ப, பொறவும் இருந்திருப்பாரு.”

பார்களின் பட்டியலைக் கொழுந்தனிடம் கொடுக்கச் சொன்னாள். பதினொரு புள்ளிகளை மட்டும் தனக்கு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் அவளைக் கடைசிப் புள்ளிக்குக் கூட்டிப்போனான். அந்த எண்களை வேறொரு கருவியில் ஏற்றிக் கொடுத்தது நான்தான். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கடலில் குதிக்கப் பார்த்தவளைக் கரை திரும்பும்வரை கூட வந்த இரண்டு பேர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று பிற்பாடு அவன் சொன்னான்.